அக்காவின் ஜப்பானிய வகுப்பு

என் ஆசை அக்காவுக்கு,

உன் வகுப்பு நடக்கிறது. முதலில் இதைத்தான் கேட்பாய் என்று எனக்குத் தெரியாதா?

நீ எங்களையெல்லாம் விட்டுப் போன பிறகு, நீ வகுப்பெடுத்த மாடி அறையைப் பூட்டி வைத்திருந்தோம். ஜப்பானிய மொழி சொல்லித்தர ஆள் தேடி அலைந்தேன். மொழி தெரிந்தவர்களை ஒரகடம் பக்கத்து ஜப்பான் கம்பெனிகள் மொழிபெயர்க்க அழைத்துக்கொள்கின்றன. நானே அப்படிப் போனவள்தானே? சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினார், பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள். கொஞ்ச நாளில் அவருக்கும் வேறு வேலை கிடைத்துவிட்டது.

ஜப்பானிய மொழித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. உன்னிடம் படித்த முசரவாக்கம் ஜெயந்தி, அந்த நர்ஸ், ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"கம்பெனில நாள் பூரா ஜப்பான்காரங்களோட பேசிக்கினுதானே இருக்கீங்க? நீங்களே எடுங்கக்கா."

"பேசுறது வேற, சொல்லித்தர்றது வேறமா. எனக்கு வராது."

"அப்ப சும்மா பேசுங்க. நாங்க கத்துக்கிறோம்."

மாடி அறைச் சாவியை எடுத்தேன்.

முதல் நாள் பயந்துகொண்டேதான் வகுப்புக்குள் போனேன். 'நான் கோயிலுக்குப் போகிறேன்' என்று பலகையில் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஜப்பானியச் சொல்லை எழுதினேன். நீ செய்வாயே, அதே மாதிரி. வரிசை மாறவே இல்லை. நம் 'கு' நிற்கும் இடத்தில் அவர்களுடைய 'நி' வந்து நின்றது.

"அட, நம்ம மாதிரியேதான் பேசுறாங்கபா!" என்று பின்வரிசையில் யாரோ கத்த, அறையே சிரித்தது. என் பயம் போன இடம் தெரியவில்லை.

ஜெயந்தி தேறிவிட்டாள், அக்கா! ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நேர்காணலில், இவ்வளவு நன்றாகப் பேசுகிறாயே, யார் உன் ஆசிரியர் என்று கேட்டார்களாம். "ஒரு அக்கா, ஒரு தங்கச்சின்னு சொன்னேன்" என்றாள்.

விசா வரும்வரை புதியவர்களுக்கு அவள்தான் எழுத்து சொல்லித்தருகிறாள். அடுத்து வகுப்பெடுக்க இன்னும் இருவர் தயார். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று புலம்புவாயே, வகுப்புக்குள்ளேயே ஆள் இருந்திருக்கிறது.

நேற்று கடைத்தெருவில் "சென்சே! சென்சே!" என்று ஒரு குரல். ஆசிரியரை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று நீதானே பழக்கினாய்? நீ வருகிறாயோ என்று சுற்றிப் பார்த்தேன். புது மாணவி ஒருத்தி ஓடி வந்தாள்.

"உங்களத்தான் சென்சே, காது கேக்கலியா?"

நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் சிரித்தேன். கண்ணும் கலங்கியது.

ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன், முடித்துக் காட்டுவேன். சொல்லித்தர ஆள் இல்லையென்று நம் ஊரில் யாரும் இனி திரும்பிப் போக மாட்டார்கள். இது என் வாக்கு.

கூப்பிட்டால் இப்போது திரும்பிப் பார்க்கிற,
உன் தங்கச்சி கலா