ஓட்டை விழுந்த டெக்

ஏப்ரல் 18, சனி

இன்று அத்தாவிடம் சொல்லாதது: தூரத்து ஆஸ்டின் நகரத்தில் கிடைத்த வேலைக்குச் சரி என்று எழுதிவிட்டேன். ஜூனில் கிளம்பவேண்டும்.

நல்ல வெயில், காற்றில் மட்டும் குளிர். இந்த வருஷத்தின் முதல் புல்வெட்டு. பாதித் தோட்டம்கூட முடியவில்லை, புல்வெட்டும் குட்டி டிராக்டருக்கு அடியில் கடகடவென்று சத்தம். டெக்கைக் கழற்றி அத்தாவும் நானுமாக கராஜ் தரையில் கவிழ்த்தோம். கத்திகளை மூடியிருக்கும் அந்த இரும்புக் கூட்டில் என் கை நுழையும் அளவுக்குத் துரு அரித்த ஓட்டை. மேல்பக்கம் பெயின்ட் மட்டும் புதுசு மாதிரி.

அம்மா எட்டிப் பார்த்தாள். "கழுவிக் கழுவியே கொன்னுட்டீங்க."

நிஜம்தான். ஒவ்வொரு தடவையும் வெட்டி முடித்ததும் அத்தா ஹோஸ் பிடித்து அடிப்பக்கம்வரை கழுவுவார். தூசி படாமலிருக்க ஈரத்தோடேயே தார்ப்பாய் போட்டு மூடுவார். இந்தத் தெருவில் வேறு யாரும் கழுவுவதில்லை. கேட்டால், அவங்க வண்டியைப் பார்த்திருக்கியா என்பார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மழை. தலைவலி. அத்தா நாள் முழுக்க ஃபோனில். வெல்டிங் கடைக்காரர் தகடு வைத்து ஒட்டித் தருகிறாராம், இரண்டு வருஷம் தாங்குமாம். இல்லையென்றால் புது டெக்.

சாப்பிடும்போது என்னைக் கேட்டார். "நாம இந்த வீட்ல எவ்ளோ நாள் இருப்போம்? நீ சொல்லு. ரெண்டு வருஷம்னா வெல்டிங். பத்து வருஷம்னா ரீப்ளேஸ் பண்ணிரலாம்."

ஸ்டேஷன் பக்கம் சின்ன காண்டோ ஃப்ளாட் போதும் என்று அம்மா போன வருஷமே சொன்னாள். மக கூட இருக்கும்போது எதுக்கு என்று மறுத்தவர் அத்தா. ஆஸ்டின் விஷயம் தெரிந்த அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னது: "உங்க இஷ்டம் அத்தா."

கேள்வி இரும்பைப் பற்றியது என்று வைத்துக்கொண்டேன். அது வசதி.

ஏப்ரல் 22, புதன்

ரயில் லேட். ஆஃபீஸில் இன்னும் யாருக்கும் தெரியாது. வாங்கவேண்டியது: கொத்தமல்லி, கறி, கிரீஸ் டப்பா (அத்தாவுக்கு).

புது டெக் ஆர்டர் பண்ணிவிட்டார். பழையதைத் தெருவோரம் வைத்தார், பழைய இரும்பு எடுப்பவர் யாரோ மதியமே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

கடையிலிருந்து திரும்பும்போது காரில் அம்மா: "நீ சொல்றியா, நான் சொல்லவா?"

நானே சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அவர் விசிலடித்துக்கொண்டு கராஜைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 25, சனி

டெக் நேற்றே வந்துவிட்டது. காலையில் மாட்டினோம். பெல்ட்டை என்னையே போடச் சொன்னார். இரண்டு தடவை நழுவியது. "எம்.எஸ். படிச்ச கையா இது" என்று சிரித்தார்.

தோட்டம் முழுக்க வெட்டினார். ஒரே சீர். முடிந்ததும் ஹோஸ் பக்கம் போகவில்லை. காய்ந்த பிரஷ்ஷால் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு அப்படியே திறந்து வைத்தார்.

"இனிமே தண்ணி காட்ட மாட்டேன். உனக்கு ரொம்ப வருஷம் வரணும்ல."

அங்கேயே நின்று சொன்னேன். ஆஸ்டின், ஜூன், எல்லாம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பிரஷ்ஷைப் பார்த்தேன்.

கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். பிரஷ்ஷை ஆணியில் மாட்டினார். "முன்னாடியே சொல்லியிருந்தா வெல்டிங்கே போதுமேம்மா."

அவ்வளவுதான். லுஹர் தொழ உள்ளே போய்விட்டார்.

ஒரு வாரம். ஏழு நாளும் வாய் இருந்தது எனக்கு.

ஜூன் 6, சனி

புழுக்கம். பெட்டி பாதி கட்டியாயிற்று. வீடு விலை பேசி முடிந்தது, டிராக்டரும் வீட்டோடு. அத்தாவுக்கும் அம்மாவுக்கும் ஸ்டேஷன் பக்கம் காண்டோ.

காலையில் அத்தா கடைசியாகப் புல் வெட்டினார். பிறகு ஹோஸை எடுத்து, டெக்கின் அடிப்பக்கம்வரை கழுவி, ஈரத்தோடு தார்ப்பாய் போட்டு மூடினார்.