முதல் தண்ணீர்

குவைத்தில் சுகமாக இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆற்றங்கரை உடைந்து நம் வயலில் முழங்கால் உயரத்துக்கு மணல் கிடக்கிறது. உங்கள் அண்ணன் வயலில் புது வண்டல். "வீட்டுல செபம் இல்ல, அதான் மாதா இப்படிப் பண்ணிட்டாங்க" என்று உங்கள் அம்மா தெரு முழுக்கச் சொல்கிறார். நீங்களும் அதையே சொல்கிறீர்கள். நான் ஒன்பது நாள் நவநாள் செபம் வேறு செய்ய வேண்டுமாம்!

மாதாவை ஏன் இழுக்கிறீர்கள்? உடைப்பிலிருந்து அண்ணன் வயல் வரை நடந்து, கையில் அள்ளிப் பார்த்தேன். பாய்ந்து வந்த தண்ணீர் பரவியதும் வேகம் குறைந்து, கனமான பருமணலை நம் வயலிலேயே போட்டுவிட்டது. பொடிமணல் அடுத்த வயல் வரை போயிருக்கிறது. மாவு மாதிரி இருக்கும் வண்டல்தான் அண்ணன் வயல் வரை மிதந்து போய்ப் படிந்திருக்கிறது. இதில் என் செபம் எங்கே வந்தது?

பாகம் பிரித்த அன்று அண்ணன் பங்கு போட்டார். இளையவர் என்று உங்களைத்தான் முதலில் எடுக்கச் சொன்னார். "ஆத்தோரம் வேணாங்க" என்றேன். "ஒனக்கு என்ன தெரியும்? ஆத்துல தண்ணி வந்தா மொத தண்ணி நமக்குத்தான் பாயும்" என்று எல்லார் முன்னாலும் என் வாயை அடைத்தீர்கள்.

இரண்டு கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரவில்லை. அதை நான் கேட்கவில்லை. இதற்கு லீவு போடுங்கள். நீங்கள் ஆசைப்பட்ட முதல் தண்ணீர் வந்துவிட்டுப் போய்விட்டது. அது போட்டுவிட்டுப் போனதை அள்ள வாருங்கள்.

இப்படிக்கு,
மணலில் நிற்கும் உங்கள் மனைவி