நாத்தனார் கொண்டுவந்த கீரைச் சாறு

நவம்பர் 4
என் கணவர் ஃபோக்கோவின் தங்கை ஆல்முட் வந்திருந்தாள். யாரோ ஒருத்தன் பேச்சை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, பாதி டாக்டராகித் திரும்பியிருக்கிறாள். கேல் கீரையைப் பச்சையாக அரைத்துக் குடித்தால் ரத்தம் சுத்தமாகுமாம். குளிர்காலம் முழுக்க அதைப் பன்றிக்கொழுப்பில் வேகவைத்துத் தின்கிற ஊர் இது. இங்கே எவனுடைய ரத்தமும் சுத்தமானதாகத் தெரியவில்லை.

நவம்பர் 9
தினமும் காலையில் அரை லிட்டர். குளத்துப் பாசி நிறம். என் கணவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறார், மீசையெல்லாம் பச்சை. கிழட்டு வெள்ளாடு. சுண்ணாம்புச் சத்து, நார்ச்சத்து, இன்னும் என்னென்னவோ என்று அவள் போனில் ஒப்பிக்கிறாள். "நீங்களும் குடிங்க அண்ணி, முகத்துல கொஞ்சம் களை வரும்" என்றாள். எனக்கு!

நவம்பர் 15
இதய வால்வை மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க ஃபோக்கோ மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளை இன்று படித்தேன். கேல், பசலை போன்றவற்றைத் திடீரென்று அதிகமாகச் சாப்பிட்டால் மாத்திரை சரியாக வேலை செய்யாது. அவற்றிலுள்ள வைட்டமின் கே ரத்தம் உறைய உதவுமாம். ஆகா! 24ஆம் தேதி ரத்தப் பரிசோதனை. ஆல்முட் இதை டாக்டர் வாயாலேயே கேட்கட்டும், அவள் மூக்கு உடையட்டும். ஒன்பது நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

நவம்பர் 19
இன்றும் அரை லிட்டர். நான் வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் 22
கரண்டி அவர் கையிலிருந்து விழுந்தது. எடுங்க என்றேன். ஏதோ சொன்னார் — அது பேச்சே இல்லை. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்? ஆம்புலன்ஸில் கூடவே போனேன்.

நவம்பர் 25
மூளையில் ரத்தக்கட்டி. பேச்சு பாதி திரும்பியிருக்கிறது. வலது கை வரவில்லை. கீரை நல்லதுதான், ஆனால் இந்த மாத்திரையோடு என்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். "இதை யாருமே அவருக்குச் சொல்லலையா?" என்று கேட்டார். ஆல்முட் அழுதாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 20
ஃபோக்கோ வீடு வந்தார். "நான்தான் அண்ணி... என் அண்ணனை நானே..." என்று ஆல்முட் மறுபடியும் ஆரம்பித்தாள். தாங்கவில்லை. தாளை முன்பே படித்ததையும், சொல்லாமல் இருந்ததையும் சொல்லிவிட்டேன். நாற்காலியிலிருந்த ஃபோக்கோ ஒவ்வொரு சொல்லாகத் தேடி, "ஆல்முட்... என் கோட்டு... எடு... போகலாம்" என்றார்.

ஜனவரி 11
அவருடைய மாத்திரைகளை ஆல்முட் வீட்டில் கொடுக்கப் போனேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். உள்ளே மேசையில் ஃபோக்கோ இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.