கூடத்தில் ஒரு கண், சமையலறையில் ஒரு கண்

மார்ச் 3, செவ்வாய்

மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து என்னைத் தனியாக விட அவளுக்கு மனமில்லை. "கேமரா போடறோம். இந்த மாசம் பார்ப்போம். சரிவரலேன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடணும். அப்புறம் ஒரு பேச்சும் பேசக் கூடாது."

என் முட்டி வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது. அவளுக்குத்தான் இன்னும் வடியவில்லை.

மார்ச் 5, வியாழன்

மாப்பிள்ளை ஏணியோடு வந்தார். பாலம் கட்டுகிற இன்ஜினீயர். ஆள் வைத்து மாட்டலாமே என்றேன். "இதுக்கெல்லாம் ஆளா, அத்தை?"

கூடத்தில் ஒன்று மாட்டினார். சமையலறைக்கானது இன்னும் கடையிலிருந்து வரவில்லை. மாட்டியதைவிடப் பாடம் எடுத்ததுதான் அதிகம். மெகாபிக்சல் கூடினால் படம் தெளிவாக இருக்குமாம். அதாவது என் முகச்சுருக்கம்வரை ஊரறியத் தெரியும். ஃப்ரேம் ரேட் என்றால் நொடிக்கு எத்தனை படம் என்பது. குறைத்தால், நடக்கிறவர் விட்டு விட்டு நகர்வது போலத் தெரியும். "நான் அப்படித்தானே நடக்கறேன், குறைச்சே வைங்க" என்றேன். சிரிக்கவில்லை. பாவம், வாயில் திருகாணி வைத்திருந்தார்.

போகும்போது என் போனிலும் படம் வரும்படி செய்து கொடுத்தார். என்னை நானே பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி எதற்கு இனி?

மார்ச் 9, திங்கள்

மோஷன் அலர்ட் என்று ஒன்று. எது அசைந்தாலும் மகளின் போனுக்குச் செய்தி போகும். இன்று திரைச்சீலை ஆடியது.

"யாரும்மா வந்தது?"

"காத்து வந்திருக்கு. காபி குடுத்து அனுப்பிடறேன்."

பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 12, வியாழன்

சமையலறையிலும் மாட்டியாகிவிட்டது. இனி பால் பொங்கினால் மூன்று பேர் சாட்சி.

மார்ச் 13, வெள்ளி

மகள் அலுவலகத்திலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். நான் கூடத்தில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"போன்ல கூடம் வந்தா சமையலறை காணோம், சமையலறை வந்தா கூடம் காணோம். நீ எதுலயும் இல்ல! நான் என்னன்னு நெனைக்கறது?" அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது வேலைக்காகாது. ஞாயித்துக்கிழமை பெட்டியைக் கட்டு."

கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குப் பயம்தான் வந்தது. அங்கே போய் நான் என்ன பண்ணுவேன்? விளக்கை அணைக்கக்கூட அனுமதி கேட்டுக்கிட்டு — இது என் வீடு. என் வீடுதானே?

மார்ச் 14, சனி

காலையில் போனைப் பார்த்துக்கொண்டே சமையலறை கேமராவின் வயரைப் பிடுங்கினேன். கூடத்துப் படம் மறையாமல் நின்றது. மறுபடி செருகினேன். திரும்பவும் இரண்டு கேமராவுக்கும் சண்டை, ஒன்று வந்தால் மற்றது காணோம். மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அடடா! பெட்டியிலேர்ந்து வரும்போதே எல்லாத்துக்கும் ஒரே ஐபி முகவரிதான் அத்தை. ஒண்ணை மாத்தியிருக்கணும். மறந்தே போயிட்டேன்."

நான் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். ஒரே எக்ஸ்டென்ஷன் நம்பரை இரண்டு மேசைக்குக் கொடுத்தால் என்ன கூத்து நடக்கும் என்று எனக்குத் தெரியாதா! சாயங்காலம் வந்து மாற்றிக் கொடுத்தார். "அவகிட்ட நான் மறந்ததைச் சொல்லாதீங்க" என்று கெஞ்சினார். உடனே சொல்லிவிட்டேன். என் வீடு போகப் பார்த்ததே!

மகள் மாசக் கடைசிவரை தவணை கொடுத்திருக்கிறாள்.

மார்ச் 22, ஞாயிறு

பெட்டிப் பேச்சை அவள் எடுக்கவில்லை. நான் எடுப்பேனா?

மார்ச் 31, செவ்வாய்

வந்தாள். வக்கீல் மாதிரி வாதங்களோடு தயாராக இருந்தேன். அவள் கேட்டது வேறு.

"மத்தியானம் தட்டை எடுத்துக்கிட்டு எங்கம்மா போற?"

"படுக்கையறைக்கு. நான் மெல்லறதையும் பாக்கணுமா?"

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆபீஸ்ல நான் தனியாத்தான் சாப்பிடறேம்மா. உன்னைப் பாத்துக்கிட்டே சாப்பிடலாம்னு போனை டிபன் டப்பா மேல சாய்ச்சு வெச்சுக்குவேன். நீ சரியா அப்போ எழுந்து போயிடற."

எனக்கு ஒரு வாதமும் நினைவில்லை. போகும்போது வாசலில் நின்று, "நீ இங்கயே இரும்மா" என்றாள்.

ஏப்ரல் 1, புதன்

நாற்காலியைக் கூடத்துக் கேமராவுக்கு நேராக இழுத்துப் போட்டு, அவள் சாப்பிடும் நேரத்துக்குத் தட்டோடு உட்கார்ந்தேன். சின்ன வயதிலிருந்தே அவள் அவசர அவசரமாக விழுங்குகிறவள். அதனால் நான் மெதுவாகவே சாப்பிட்டேன்.