கோடு தாண்டாத புள்ளி

ஜூன் 4, புதன்

நீயே சொல்லு சாமி, ஒரு வீட்டில் ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி, நான்தான், விடிஞ்சதிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். இன்னொருத்தி "ம்" என்கிறாள். இதுக்குப் பேர் பேச்சா?

மருமகளுக்கு, அதான் என் அக்கா மகன் பெண்டாட்டிக்கு, ஆறாம் மாசம். குழந்தை தங்கணும்னா கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, மாடிப்படி பக்கமே போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஊரில் இருக்கிற அக்காவுக்கு முட்டிவலி, அவளால் மாடி ஏற முடியாது. அதனால் அக்கா மகன் என்னைக் கூப்பிட்டான். ஒரு மாசத்துக்கென்று வந்துவிட்டேன். சமைக்கிறேன், துவைக்கிறேன், ஏறி ஏறி இறங்குகிறேன். அதெல்லாம் சுளுவு. கீழே பின்பக்கத்துக் கண்ணாடி அறையில் அவள் வளர்க்கிற ஆர்க்கிட் செடிகள் இருக்கே, அதுங்களைக் கண்டால்தான் எனக்கு உதறல். போன தடவை வந்தபோது "தொடாதீங்க சின்னத்தை" என்றவள், இப்போது வேறு வழியில்லாமல் என்னிடமே ஒப்படைத்திருக்கிறாள்.

அதில் ஒன்றுக்கு மட்டும் "மூத்தவ" என்று பேர். ரெண்டு செடிகளை இவளே மகரந்தம் சேர்த்து, விதையிலிருந்து வளர்த்தது. அஞ்சு வருஷம் ஆச்சாம். இப்போதுதான் முதல் முதலாகப் பூந்தண்டு விட்டு மொட்டு வைத்திருக்கிறது. என்ன நிறத்தில் பூக்கும் என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாதாம். உனக்குத் தெரியுமில்ல? எனக்கு மட்டும் சொல்லக் கூடாதா?

ஜூன் 7, சனி

காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர் விட்டேன், அவள் சொன்ன மாதிரியே. சாயங்காலம் விளக்கேற்றி, உன் முன்னால் வைத்த செம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் ஒவ்வொரு செடிக்கும் உச்சந்தலையில் தெளித்தேன். இனி தினமும் தெளிக்கணும். வயித்துப் பிள்ளையும் செடியும் ரெண்டுமே உன் பொறுப்பு.

ஜூன் 13, வெள்ளி

மூத்தவ இலையில் ஒரு புள்ளி. மிளகு அளவுதான். சொல்லவா வேண்டாமா என்று ரெண்டு தடவை படியேறி இறங்கினேன். கடைசியில் போனில் படம் பிடித்துக் காட்டினேன். அவ்வளவுதான், பத்து நாளாகப் பேசாத பேச்செல்லாம் வந்தது.

"காஞ்சிருக்கா, ஈரமா இருக்கா?"

"ஈரமாத்தான் தெரியுது."

"விரலால லேசா அமுக்கிப் பாருங்க."

"ஐயே, கொழகொழங்குது."

வெயிலில் வெந்திருந்தால் வெளுத்துக் காய்ந்து போகுமாம், அப்படியே நின்றும் விடுமாம். பூஞ்சை என்றால் மெதுவாகத்தான் பரவும். இது ஒரே ராத்திரியில் பரவுகிற பாக்டீரியா அழுகலோ என்று அவளுக்குச் சந்தேகம். மார்க்கர் பேனாவால் புள்ளியைச் சுற்றிக் கோடு போடச் சொன்னாள். நாளைக்குப் புள்ளி அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்கணும். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலையின் மேல் கோடு போட்டேன். வட்டம் போட்டேனா, கோழிமுட்டை போட்டேனா தெரியாது.

ஜூன் 14, சனி

தாண்டிருச்சு. கோட்டைத் தாண்டி, ஒரு விரல் அகலத்துக்கு இலை பழுப்பாகி, சுத்தி மஞ்சள் கட்டியிருக்கு. பக்கத்து மூணு தொட்டியிலும் புள்ளி.

"மோந்து பாருங்க சின்னத்தை" என்றாள் போனில். மோந்தேன். கெட்டுப்போன மீன் வாடை. சொன்னேன். போன் கட்டாச்சு. கூடத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால் மாடிப்படி மேலே நிற்கிறாள் — ஒரு கை வயித்தில், ஒரு கை கைப்பிடியில். ஓடிப்போய்ப் படியில் ரெண்டு கையையும் விரித்து நின்றேன். "இறங்குறதுன்னா என்னை மிதிச்சுட்டு இறங்கு. உனக்குச் செடி முக்கியமா, உள்ள இருக்கறது முக்கியமா?" என்று கத்திவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவள் திரும்பிப் போய்ப் படுத்தாள். அழுதிருக்கிறாள், தலையணை நனைந்திருந்தது.

அப்புறம் நானே போனைத் தொட்டியில் சாய்த்து வைத்து, "சொல்லும்மா, உன் கையா என்னை நினைச்சுக்கோ" என்றேன். சொன்னாள். பிளேடை நெருப்பில் காட்டி ஸ்பிரிட்டால் துடைக்கணும். அழுகினதோடு நிறுத்தாமல், நல்ல பச்சையிலும் கொஞ்சம் சேர்த்து வெட்டணும். ஒரு செடிக்கு வைத்த பிளேடை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது. வெட்டின வாயில் பட்டைப் பொடி தடவணும், வேரில் படக் கூடாது. நோய் கண்டதையெல்லாம் தனியாகப் பிரித்து, ஃபேன் காற்றில் வைக்கணும். குழம்புக்குப் போடுகிற பட்டை ஆர்க்கிட்டுக்கும் மருந்தாம்! அறையெல்லாம் பிரியாணிக் கடை மாதிரி மணக்கிறது.

ஜூன் 16, திங்கள்

இன்னிக்கு நடந்ததை எழுதவே கூச்சமா இருக்கு.

மூத்தவளுக்கு அடுத்த இலையிலும் வந்துவிட்டது. சாயங்காலம் வீடியோவில் பார்த்துக்கொண்டே வந்தவள், "நிறுத்துங்க. குருத்துல என்ன பளபளங்குது? சாயங்காலம் தண்ணி விட்டீங்களா?" என்றாள்.

"தண்ணியில்லம்மா. தீர்த்தம்."

பக்கத்தில் நின்ற அக்கா மகன் குபீரென்று சிரித்தான். "சித்தி, செடிக்குக்கூட பூசை போட்டாச்சா?" அவள் சிரிக்கவில்லை. "ராத்திரி முழுக்க இலை இடுக்குல தண்ணி நின்னா, நோய்க்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி சின்னத்தை" என்றாள்.

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. சாமி தண்ணியில நோயா? யாரைப் பாத்து என்ன பேச்சு? அடுப்படியில போய்ப் பாத்திரத்தையெல்லாம் டம்முடுமுன்னு வச்சேன். அப்புறம் யோசிச்சேன். அவ உன்னை ஒண்ணும் சொல்லலையே. ராத்திரி ஈரம் கூடாதுன்னுதானே சொன்னா. நான்தானே ஒவ்வொரு சாயங்காலமும் போய்த் தெளிச்சேன்? அஞ்சு வருஷ உழைப்பை என் பக்தியே அழிச்சிருமா?

கஞ்சி கொண்டுபோனபோது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவளே கூப்பிட்டாள். "நாளையிலேர்ந்து அந்தத் தீர்த்தத்தை என் மேல தெளிங்க. நான் அழுகிப் போக மாட்டேன்."

சாமி கும்பிடாத பெண் அவள். அவள் வாயிலிருந்து இப்படி.

ஜூன் 18, புதன்

அழுகல் குருத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. இலையை அடியோடு எடுத்தாச்சு. அப்புறம் அவள் சொன்னாள், "பூந்தண்டையும் வெட்டிருங்க."

"மொட்டு இருக்கேடி!"

"பூவையும் தாங்கி, நோயையும் தாங்க அதுக்குத் தெம்பில்ல. செடி பொழைச்சா மறுபடி பூக்கும்."

வெட்டினேன். தூக்கிப் போட மனசு வராமல், தண்டை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு அவள் கட்டில் பக்கத்தில் வைத்தேன். "உதிர்ந்துரும், ஆசைப்படாதீங்க" என்றாள். ஆனால் டம்ளரைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

மிச்சம் ரெண்டே இலை. ஒன்றில் ஒரு புள்ளி. கோடு போட்டிருக்கேன்.

ஜூன் 20, வெள்ளி

தாண்டவில்லை.

ஜூன் 21, சனி

இன்னிக்கும் தாண்டவில்லை. புள்ளி காய்ந்து சருகாகிவிட்டது. வாடையும் இல்லை, மூணு தடவை மோந்து பார்த்தேன்.

ஜூன் 25, புதன்

காலையில் கஞ்சியோடு போனால், டம்ளரில் பெரிய மொட்டு விரிந்திருக்கிறது! மஞ்சளென்றால் அப்படி ஒரு மஞ்சள். கிட்டப் போய்ப் பார்த்தால் இதழெல்லாம் கருஞ்சிவப்பாய்ப் புள்ளி புள்ளியாக —

"ஐயோ, பூவுக்கும் வந்துருச்சு! எங்க அந்த பிளேடு?" என்று அலறிவிட்டேன்.

மருமகள் என்னைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள் பாரு! வயித்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர. "சிரிக்காதேடி, டாக்டரம்மா என்னைத்தான் வைவாங்க" என்றால் இன்னும் சிரிக்கிறாள். "சின்னத்தை, அது பூவோட புள்ளி. நோயில்ல. அது அழகு."

அப்பன் செடியிலும் ஆத்தாள் செடியிலும் இல்லாத புள்ளியாம், இதுவாகவே கொண்டுவந்ததாம். அப்புறம் பேசினாள், பேசினாள், ஒரு மணி நேரம் பேசினாள். நடுவில் நான் வாயைத் திறக்க ஒரு இடமும் கிடைக்கவில்லை.

ஜூலை 9, புதன்

டாக்டரம்மா ஒரு நாளைக்கு ஒரு தடவை, மெதுவாக, கைப்பிடித்து இறங்கலாம் என்று சொல்லிவிட்டார். குழந்தை நன்றாக இருக்கிறதாம். என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கண்ணாடி அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மூத்தவளை மடியில் வைத்துப் பார்த்தாள். ரெண்டு இலைக்கும் நடுவில் நகக்கண் அளவுக்குப் புதுசாக ஒரு பச்சை எட்டிப் பார்க்கிறது. அதைத் தொடாமல், ஒரு நூல் மேலே விரலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

பாராட்டெல்லாம் இல்லை, அவள் சுபாவம் அப்படி. "அந்த வரிசையில ஒவ்வொண்ணா மோந்து சொல்லுங்க சின்னத்தை, உங்க மூக்கு எனக்கில்ல" என்றாள். அது போதும்.

ராத்திரி சாப்பிடும்போது அக்கா மகனிடம், "கீழ ரூம்ல கெடக்குற அட்டைப்பெட்டியெல்லாம் எடுத்துருங்க, சின்னத்தை கூடத்துல படுக்குறாங்க" என்றாள். அவனும் உடனே எழுந்து போய் எடுத்துப் போட்டான். இப்போது அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஜன்னல் இருக்கிறது, காற்று வருகிறது.

தேதி போடும்போதுதான் பார்த்தேன் சாமி. இன்னிக்கு ஒன்பது! எனக்கு ஊருக்குத் திரும்ப ரயில் எட்டாம் தேதி. வண்டி நேத்தே போயிருச்சு. எனக்குத்தான் மறதி, இந்த வீட்டில் ஒருத்தருக்குமா ஞாபகம் வரவில்லை? அந்த டிக்கெட்டை நான் வந்த அன்றே, படுத்தபடியே தன் போனில் எடுத்துக் கொடுத்தது மருமகள்தானே.