பத்தொன்பது அடிப் படகு

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? செப்டம்பரில் நான் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. கால்வாய்த் திட்டத்துக்கு இன்ஜினியர் ஆனதிலிருந்து உனக்குத் தலைகால் புரியவில்லை போலிருக்கிறது. போகட்டும்.

படகு முடிந்துவிட்டது. இடுப்பு போன பிறகு அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் லாரி ஓட்ட உன் மாமாவால் முடியவில்லை. கால்வாயில் சரக்கு ஏற்றிப் போகலாமென்று லாரியை விற்றுத்தான் இதைக் கட்டினோம். கால்வாய் மதகுகளின் அகலம் இருபது அடி என்று நீ எழுதியிருந்தாயே, அதனால் படகின் அகலம் பத்தொன்பது அடி. "என் மச்சான் கொடுத்த அளவு, இம்மி பிசகாது" என்று தச்சரிடம் ஒரே பீற்றல். கால்வாய் திறப்பு அன்றைக்காவது வந்து தலையைக் காட்டு.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மதகுகள் பதினெட்டு அடிதான். நடுவில் மாற்றிவிட்டார்கள். மாமாவிடம் பக்குவமாகச் சொல்.

தம்பி

மார்ச் 15

தம்பி,

"மாற்றிவிட்டார்கள்" என்று ஒரு வரி எழுதினால் ஆயிற்றா? நான் சொன்னதை மாமா நம்பவில்லை. நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் மதகை மூன்று தடவை டேப் வைத்து அளந்திருக்கிறார். வந்ததிலிருந்து வாயில் ஒரு பருக்கை படவில்லை. படகுக்குள் போய் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். குறுக்குச் சட்டத்தை அறுத்தால் படகு தண்ணீரில் நிற்காது என்று தச்சர் கையை விரித்துவிட்டார்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. ஏதாவது செய்யடா. மாற்றியவர் யாரென்று மட்டும் சொல். அவர் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். என்னை யார் என்ன சொன்னாலும் சரி.

அக்கா

மார்ச் 24

அக்கா,

அந்த வாசல் என் வாசல்தான்.

தோண்டும்போது பாறை தட்டியது. இருபது அடி முடியாது என்று திட்டத்தையே கிடப்பில் போடப் பார்த்தார்கள். இரண்டு அடி குறைத்து வரைந்து கையெழுத்துப் போட்டது நான். அதனால்தான் பதினாலு ஊருக்குக் கால்வாய் வருகிறது. இது ஆகஸ்டில் நடந்தது. செப்டம்பரில் உன் கடிதம் வந்தது, அடிக்கட்டை வைத்தாயிற்று, சட்டம் கோக்கப் போகிறோம் என்று. அப்போதே சொல்லியிருந்தால் படகைக் குறுக்கிக் கட்டியிருப்பீர்கள். மேலிடத்தில் பேசிப் பழைய அளவையே வாங்கிவிடலாம் என்று அன்று நினைத்தேன் என எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன். அது பொய். மாமா முகத்தில் முழிக்கப் பயம். உன் செப்டம்பர் கடிதத்தை மேசைக்குள் போட்டு மூடிவிட்டேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி

மார்ச் 29

தம்பிக்கு,

மதகைக் குறுக்கியதற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. பதினாலு ஊர் பிழைக்கட்டும். ஆனால் ஆறு மாதம் இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாக அடித்தபோதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இரண்டு வாரமாக வெறும் கஞ்சித் தண்ணீரோடு கிடந்தவர் இன்று இரண்டு வாய் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "மச்சான்கிட்டேருந்து லெட்டர் வந்துச்சா? அவன் சும்மா இருக்கமாட்டான். நமக்காக யார்கூடவாவது சண்டை போட்டுட்டுத்தான் இருப்பான்."

உன் கடிதம் என் மடியில்தான் இருந்தது. "வரலைங்க" என்றேன்.

லாரியும் போயிற்று, படகும் போயிற்று. உன்மேல் வைத்திருக்கிற நம்பிக்கையில்தான் அந்த இரண்டு வாய் உள்ளே இறங்குகிறது. அதையும் பிடுங்க எனக்கு மனசில்லை. அதனால் இனி எழுதாதே, இந்தப் பக்கம் வராதே. அவர் தினமும் கேட்பார். வரவில்லை என்று தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா