செனூபிக்குத் தண்ணீர் கொடுத்தவன்

பாக்கோன் மாதம், 4
எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் தபேசி பானை ஓட்டில் எழுதுகிறாள். பேரரசரின் கட்டளை வந்துவிட்டது: கிறிஸ்தவர்களின் புத்தகமெல்லாம் தீக்கு. பார்லிக் கள் விற்கும் ஹோரியன் சிரித்தான். "யோவ் கிழவா, படிக்கத் தெரியாத உன்னை எதுக்குய்யா தேடப் போறாங்க?" நானும் சிரித்தேன். கள்ளைக் குடிக்காமலே வீட்டுக்கு வந்தேன்.

7
புத்தகம் தேடி வீடு புகுந்த படைவீரர்கள் கோதுமைக் குதிருக்குள்ளும் குத்திப் பார்த்தார்கள்.

8
சந்தையில் எரித்தார்கள். செனூபியின் கதை எழுதிய புத்தகமும் போயிற்று. சிலைக்குத் தூபம் போட மறுத்து, கம்பத்தில் கட்டுண்டு, வெயிலில் செத்த நெசவுக்காரி அவள். ஐம்பத்து மூன்று வருடமாயிற்று. 'தண்ணீர்க்காரன் ஒருவன் அஞ்சாமல் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தான்.' வருடாவருடம் அவள் செத்த நாளில் புத்தகத்தை வாசிக்கையில் அந்த வரி வரும்போது சபையே என்னைத் திரும்பிப் பார்க்கும்.

10
சபையில் வாசிக்கும் பினூத்தி ஒளிந்து வந்தான். "ஐயா, ஒரு வார்த்தை விடாம உங்களுக்குத்தானே தெரியும்? சொல்லுங்க, மறுபடி எழுதிடலாம். மாட்டினா நமக்கும் கம்பந்தான்."
முடியாது என்றேன். நான் படைவீரர்களுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனான். அது மட்டுமா?

14
"தண்ணி கொடுத்த ஆளாப்பா இப்படி நடுங்குறீங்க?" என்றாள் தபேசி. வாயை மூடுடி என்று கத்தினேன். பிறகு சொல்லிவிட்டேன்.
அன்று தண்ணீர்த் தோல் பையோடு செனூபியின் கிட்டே போனேன். அவள் உதடு வெடித்திருந்தது. காவலன் திரும்பினான். "நீயும் அவ ஆளாடா?" "யாருன்னே தெரியாதுங்க." பையைப் போட்டுவிட்டு ஓடினேன். தண்ணீரை மண் குடித்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
கம்பத்தடியில் ஈரத்தைப் பார்த்தவர்கள் கதை கட்டினார்கள். நான் மறுக்கவில்லை.
தபேசி நிறுத்திவிட்டாள். எழுதும்மா.

16
பினூத்தியைக் கூப்பிட்டுப் புத்தகத்தைச் சொன்னேன். அந்த வரிக்கு வந்ததும்: 'தண்ணீர்க்காரன் ஓடிவிட்டான். அவள் தாகத்தோடு செத்தாள்.' அவன் நாணல் பேனா நின்றது.
"பழசையே எழுதிடட்டுமா ஐயா? யாருக்குத் தெரியப் போகுது?"
"அவ பாத்துக்கிட்டே இருந்தாடா."

பாயினி மாதம், 2
செனூபியின் நாள். எங்கள் வீட்டில் ஒன்பது பேர். மாற்றிய அந்த வரி வந்தது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அப்போது படைவீரர்கள் கதவை இடித்தார்கள். ஏட்டோடு பினூத்தி கொல்லைச் சுவர் ஏறும்வரை தாழ்ப்பாளைப் பிடித்து நின்றேன். திறந்தேன்.
"என்ன பெரிசு, கூட்டம்?"
"செனூபியோட நாளுங்க."
"யாரு அவ?"
"எனக்குத் தெரிஞ்சவ."

5
சிறைச் சன்னல் வழியே சொல்கிறேன். தபேசி வீட்டுக்குப் போய் எழுதுவாள். பயம் போகவில்லை. நாளை என்னை வெயிலுக்குக் கொண்டுபோகிறார்கள்.
சற்றுமுன் அவள் தண்ணீர் நீட்டினாள். காவலன் திரும்பினான். "நீ யாருடி?"
கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. "இவரு மக."
குடித்தேன்.